குப்புறக் கிடந்த குதிரைக்காரர்

ஹாலே
9 மார்ச் 2025

அன்புள்ள யோகம் அக்காவுக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தேன். கழுத்துப் பிடிப்பைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் தேனுஜா மருந்துக்கடை வேலையில் பழகிவிட்டாளா?

உங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு கிழமை வேலை செய்தும் ஒரு பின்னேரம்தான் கெல்சென்கிர்ச்சன் வர முடிந்தது. அன்றைக்குக் கதைக்காததை எழுதுகிறேன். நம் வீட்டில் போன் சுகம் விசாரிக்க மட்டும்தானே. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற பழைய பயம் அத்தானுக்கும் உங்களுக்கும் இந்த நாட்டிலும் போகவில்லை.

நான் வேலைக்கு வந்திருந்த அந்த அருங்காட்சியகம் சில மரச்சிற்பங்களை மாலி நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பயணத்துக்கு முன் அவற்றின் வெடிப்புகளையும் உளுப்பையும் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டியில் அடைக்க வந்தவர்களில் அத்தானும் ஒருவர். ஜேர்மன்காரருக்கு முன்னால் என்னை "டொக்டர் அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, அவர்கள் அந்தப் பக்கம் போனதும் "பிட்டு கொண்டுவந்தனான், சாப்பிடுறியோ" என்றார்.

சிற்பங்களில் எனக்குப் பிடித்தது ஒரு குதிரையும் அதன் மேல் ஒரு மனிதரும். டோகோன் மக்கள் செதுக்கியது. ஒரு முழ உயரம். அவர்கள் பெரிய செங்குத்துப் பாறைகளின் அடியில் வாழ்பவர்கள். அந்தப் பாறைகளில் குதிரை வைத்துக்கொள்வது பெரிய காரியம், அதனால் குதிரையில் இருப்பவர் பெரிய ஆள். ஊர்ப் பூசகர் என்கிறார்கள் சிலர். வானத்திலிருந்து ஒரு பேழை இறங்கியபோது அதிலிருந்து முதலில் கால் வைத்த விலங்கு குதிரைதான், இவர் அந்தக் காலத்தவர் என்கிறார்கள் வேறு சிலர். சரியாக எனக்குத் தெரியாது. தினைக்கூழ் ஊற்றி ஊற்றி மரத்தில் ஒரு கறுத்த பொருக்குப் படிந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் இங்கே கிடந்தவர் இப்போது வீட்டுக்குப் போகிறார்.

அவரைக் குப்புறக் கிடத்திப் பெட்டியில் வைத்தபோது அத்தான் என்னிடம் வந்து, ஏன் இப்படி என்று கேட்டார். முதுகில் நீளமான வெடிப்பு, மல்லாத்தினால் பிளந்துவிடும் என்றேன். பெட்டிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் மட்டும் போதாது, வைத்தியரிடமும் காட்டுங்கள். எல்லோருக்கும் என் அன்பு.

தங்கை
தர்மினி

*

சிவமயம்

கெல்சென்கிர்ச்சன்
23 மார்ச் 2025

அன்பின் தர்மினிக்கு,

கடவுள் கிருபையால் இங்கு நடமாடுகிறோம். முழங்கால் படியில் மட்டும் சண்டை பிடிக்கிறது. தேனுஜாவுக்கு வேலை பிடித்துக்கொண்டது, வீட்டுக்கு வரத்தான் நேரமில்லையாம்.

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வழக்கம்போலச் சத்தமாக வாசித்தேன். அவருக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. வருத்தம் என்று சொல்லவும் முடியாது, கதை குறைந்துவிட்டது.

கோவிலில் ஒரு மனிசி கேட்டாள், உனக்குத் தெரிந்திருக்கும் என்று நான் சொன்னேன். மரத்தில் செய்த சாமிக்குப் பால் வார்த்தால் மரம் வெடிக்குமா? சாம்பிராணிப் புகை கூடாதா?

அந்தக் குதிரை எப்போது விமானம் ஏறுகிறது?

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு திரி.

அக்கா
யோகம்

*

ஹாலே
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குதிரையைக் காணவில்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். நான் அளந்து வெட்டிக் கொடுத்த பள்ளத்துக்குள் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை இருந்ததாம். செய்தியைக் கேட்டபோது நான் பழக்கடையில் நின்றேன். தோடம்பழப் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியாகப் பரிசோதித்துக் கையெழுத்து வைத்தவள் நான். என்னை மூன்று மணித்தியாலம் விசாரித்தார்கள். அது பரவாயில்லை. அத்தானோடு வேலை செய்யும் இத்ரிசாவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அவர் பிறந்தது மாலியில். அது ஒன்று போதுமாக இருக்கிறது. பெட்டி மூடிய மத்தியானம் கொஞ்ச நேரம் அவரை ஒருவரும் காணவில்லையாம். மாடிப்படிக்குக் கீழே தொழுதுகொண்டிருந்தேன் என்கிறார். அத்தானைக் கேட்டார்களாம், கவனிக்கவில்லை என்றாராம்.

"நான் முஸ்லிம், அந்தக் குதிரையை வைத்து நான் என்ன செய்யிறது" என்று இத்ரிசா சொன்னதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் திருப்பிச் சொன்னார் விசாரித்தவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையிலிருந்து அவரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாவைப் புதுப்பிக்க மே மாதக் கடைசியில் அவருக்கு நாள் கொடுத்திருக்கிறார்களாம், டெர்மின். வழக்கு என்று ஒன்று இருந்தால் அதுவும் நின்றுவிடும்.

கோவில் மனிசிக்குச் சொல்லுங்கள், பழைய மரத்தில் பாலும் தண்ணீரும் படவே கூடாது. காய்ந்த தூரிகையால் தட்டினால் போதும்.

அத்தானை நடக்கச் சொல்லுங்கள்.

தர்மினி

*

சிவமயம்

கெல்சென்கிர்ச்சன்
19 ஏப்ரல் 2025

அன்பின் தர்மினிக்கு,

வருடப்பிறப்புக்கு நீ போன் எடுத்தது சந்தோசம். கோவிலுக்குப் போனோம். கைவிசேஷக் காசு வாங்க தேனுஜா வந்தாள், பொங்கலைச் சாப்பிட்டாள், போய்விட்டாள். உனக்கு உடம்பு சுகம்தானே.

பிந்திப் பதில் எழுதுகிறேன். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன்.

எங்கள் சாமி அறையில் இப்போது ஒருவர் இருக்கிறார். குதிரையில் இருக்கிறார். குதிரைக்கு ஒரு காது மூளி. அவருடைய ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது, மற்றக் கை கடிவாளத்தில். முதுகில் வெடிப்பு. குதிரையின் முன்கால் ஒன்றில் விரலளவுக்கு மரத்தின் நிறம் வேறாக இருக்கிறது. அது ஏன் என்று உனக்குத்தான் தெரியும்.

நான் இரண்டு வெள்ளிக்கிழமை பால் வார்த்துவிட்டேன். உன் கடிதத்துக்குப் பிறகு வார்க்கவில்லை.

போன் எடுக்காதே.

யோகம்

*

ஹாலே
24 ஏப்ரல் 2025

அக்கா,

அந்த விரலளவு மரத்தை நான்தான் வைத்தேன். உங்கள் பக்கம் வந்திருந்த அந்தக் கிழமையில், உளுத்துப்போன இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பேரி மரத்தில் ஒரு துண்டு சீவி வைத்தேன். பின்னால் பார்ப்பவர்களுக்குப் பழையது எது, புதியது எது என்று தெரியவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே நிறத்தை வேறாக விட்டேன். அந்த வரியை வாசித்தபோது நான் குசினியில் நின்றேன். பிறகு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கேத்தில் வற்றிக் கருகிய மணம் வந்துதான் அசைந்தேன்.

ஆறு தரம் போன் எடுத்தேன். ஆறு தரமும் வெட்டினீர்கள்.

எனக்கு விளங்கவில்லை, அக்கா. ஒருவருடைய கைத்தடி தவறுதலாகத் தன் காரில் வந்துவிட்டது என்று இருபது கிலோமீற்றர் திரும்பி ஓடிய மனிதர் அத்தான். அதோடு நான் எழுதியிருந்தேனே, அது வீட்டுக்குப் போகிறது என்று. நீங்கள் வாசித்தீர்களே, அவருக்குச் சத்தமாக.

அவர் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். நாளைக்கே. இத்ரிசாவுக்கு வேலை போய்க் கிடக்கிறது. அவர் குற்றவாளி இல்லை என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேரும் ஒரே குடும்பம்.

இன்றைக்கு உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

தர்மினி

*

சிவமயம்

கெல்சென்கிர்ச்சன்
2 மே 2025

அன்பின் தர்மினிக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், நாங்கள் சுகமில்லை.

அத்தானுடைய ஊர் ஐயனார் கோவிலைப் பற்றி உனக்குத் தெரியும். பூசை வைத்தது அவருடைய ஆட்கள். தொண்ணூறில் சண்டை நேரம் ஆமி வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டது. காணியைத் திருப்பி விட்ட பிறகு இவர் போய்ப் பார்த்தார். சுவர் இருந்தது, குதிரை வாகனம் இல்லை. யாரோ ஒருவருடைய வரவேற்பறையில் அலங்காரத்துக்கு நிற்கும் என்று சொல்லிச் சொல்லி அந்த முழு வருடமும் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

அன்றைக்கு நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "குப்புறக் கிடந்தார், யோகம். சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. மேற்பார்வைக்காரன் மூடியைப் போட்டு முறுக்கச் சொல்லிட்டுப் போயிட்டான். எனக்குக் கை ஏலாமப் போச்சுது. எங்க கொண்டுபோறாங்கள், ஆர் வாங்கினது, ஒண்டும் தெரியாது. பெட்டியில ஒரு நம்பர்தான். தர்மினியைக் கேட்டன். அவள் வெடிப்பைப் பற்றிச் சொன்னாள்."

பள்ளத்தில் ஒரு கட்டையைத் துணி சுற்றி வைத்துவிட்டு, அவரை வேலை உடுப்புப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். கொண்டுவந்ததும் நிமிர்த்தி வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டார். எந்தச் சாமி என்று கேட்டேன். "தெரியாது, குதிரையில வந்தவர்" என்றார்.

நான்காம் நாள் உன் கடிதம் வந்தது. வீட்டுக்குப் போகிறார் என்ற இடத்தை வாசித்தேன். அத்தான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிக் கை கழுவினார். அன்றையிலிருந்து சாமி அறைப் பக்கம் போவதில்லை. விளக்கு வைப்பது நான் மட்டும்.

திருப்பிக் கொடுக்கத்தான் நினைக்கிறார். பயம். பொலிஸ் ஸ்டேஷன் வாசலைக் கண்டால் அவருக்குக் கால் வராது. ஊரில் பட்டதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் பொறு.

யோகம்

*

ஹாலே
7 மே 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் இருவருக்கும் மனத்தைரியம் கிடைக்கட்டும். எனக்கும்.

அத்தான் என்னைக் கேட்டார், நான் வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவளாகப் பதில் சொன்னேன். வீட்டுக்குப் போகிறார் அத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் தானே மூடியைத் தடவி அனுப்பியிருப்பார். அதை எழுதி அனுப்ப எனக்கு ஹாலே வரைக்கும் வரவேண்டியிருந்தது.

ஆனால் அது மார்ச் மாதக் கதை. இப்போது நடப்பது வேறு. இத்ரிசாவின் வீட்டைச் சோதனை போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளையின் கட்டிலைக் கூடப் புரட்டியிருக்கிறார்கள். என்னிடம் ஏதாவது ஞாபகம் வந்ததா என்று மறுபடி கேட்டார்கள். இல்லை என்றேன். அக்கா, நான் பொய் சொன்னேன். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில் எனக்கு இன்னும் அதிர்ச்சி.

பக்கத்தில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அத்தானை அவரோடு பொலிசுக்குப் போகச் சொல்லுங்கள். நானும் வருகிறேன், நாள் சொல்லுங்கள். தானாகப் போனால் ஒரு மாதிரி, பிடிபட்டால் வேறு மாதிரி என்று இங்கே விசாரித்துவிட்டேன். நான் எவ்வளவு நாளைக்குப் பொறுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உண்மையாகத்தான்.

தர்மினி

*

சிவமயம்

கெல்சென்கிர்ச்சன்
14 மே 2025

அன்பின் தர்மினிக்கு,

கடவுள் கண் திறந்தார். அத்தான் போகிறார். வருகிற திங்கட்கிழமை, பத்தொன்பதாம் திகதி, காலையில். தேனுஜாவுக்கு இன்றைக்குத்தான் எல்லாம் சொன்னோம். அவள் சத்தம் போடவில்லை, ஒரு பெண் வழக்கறிஞருக்குப் போன் எடுத்தாள். அவவும் கூட வருவா.

அவர் போட்டுக்கொண்டு போக வெள்ளைச் சேட்டை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி வைத்துவிட்டேன். குதிரைக்காரரைப் பருத்தித் துணியில் சுற்றி, நீ எழுதியபடி முதுகில் பாரம் விழாமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். பால் பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

"போய்ச் சொல்லிப்போட்டு வாறன். இத்ரிசாவின்ர முகத்தைப் பிறகு பாக்கிறன்" என்கிறார்.

திங்கட்கிழமை மத்தியானம் கும்பிட்டுக்கொள். அதுவரைக்கும் போன் எடுக்காதே. பிடித்துவிட்டால் தானாகப் போனதாகக் கணக்கில்லையாம். இந்த நேரத்தில் போனில் ஒருவர் ஒட்டுக்கேட்டுவிட்டால் எல்லாம் வீண்.

அன்புடன்
அக்கா

*

ஹாலே
17 மே 2025, சனிக்கிழமை

அக்கா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரர் போய்ப் பத்து நிமிடமும் ஆகவில்லை.

நான் நேற்றுச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை இத்ரிசாவின் மனைவி எனக்குப் போன் எடுத்தா. என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ. டெர்மினைத் தள்ளிவைத்துவிட்டார்களாம், வழக்கு முடிந்த பிறகு வரச்சொன்னார்களாம். என்னைத் திட்டவில்லை. பெட்டி மூடிய அன்று அவருடைய செருப்பு மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்ததைக் கண்டீர்களா என்று மட்டும் கேட்டா. நான் காணவில்லை. உண்மையாகவே காணவில்லை. அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

வெள்ளி காலையில் போனேன். கணேஷ் என்று அத்தானின் பெயரைச் சொன்னேன், உங்கள் விலாசத்தைச் சொன்னேன். ஜேர்மன் மொழியில் சொன்னது நல்லதாகப் போயிற்று, தமிழில் எனக்கு அந்த வசனம் வந்திருக்காது. வெளியே வந்து உங்களுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. நீங்கள் இன்னும் முடிவு எடுக்கவில்லை, அதனால்தான் போனைத் தூக்கவில்லை என்று நினைத்தேன்.

புதன்கிழமையே உங்கள் கையில் இந்தச் செய்தி இருந்திருக்கிறது. ஒரு போன். ஒரு சொல், அக்கா.

இதற்குள் அவர்கள் வந்திருப்பார்கள். இப்போதும் போன் எடுத்துப் பார்த்தேன். தேனுஜாதான் எடுத்தாள். "சித்தி, தயவுசெய்து" என்றாள். வைத்துவிட்டாள்.

தர்மினி

*

ஹாலே
22 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் உடம்பளவிலாவது நலமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்கும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குதிரை போன மாதம் மாலிக்குப் போய்விட்டது. என்னை அந்த வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள், கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன். தலைநகரம் வரைக்கும்தான் போயிருக்கிறது. அங்கிருந்து பாறை ஊர்களுக்குப் போகும் பாதையில் சண்டை, ஆட்களே போக முடியவில்லையாம். வீட்டுக்குப் போகிறார் என்று எவ்வளவு நிச்சயமாக எழுதினேன். ஒன்றும் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

இத்ரிசாவுக்கு விசா கிடைத்துவிட்டது. வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் செய்தது சரியா என்று என்னை நானே கேட்பதை நிறுத்திவிட்டேன். சரிதான். ஆனால் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு நாளை நான் அத்தானிடமிருந்து பறித்துவிட்டேன். வேலை செய்யும்போது உளியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறேன். கூட வேலை செய்யும் நாகலட்சுமி தேத்தண்ணி வைத்துவிட்டுப் போகிறாள்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

தர்மினி

*

சிவமயம்

கெல்சென்கிர்ச்சன்
12 அக்டோபர் 2025

அன்பின் தர்மினிக்கு,

முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், பரவாயில்லை. உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. உடைத்து வாசிக்க எனக்குச் சுணங்கிவிட்டது.

வழக்கு முடிந்தது. எட்டு மாதம், ஆனால் உள்ளே இருக்கத் தேவையில்லை. தானாக வந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்று வழக்கறிஞர் சொன்னா. அதைக் கேட்டபோது உன்னை நினைத்தேன், நல்லபடியாக நினைக்கவில்லை. ஆர் என்று தெரியாத கடவுளை எப்படிக் கும்பிட்டீர்கள் என்று நீதிபதி கேட்டார். அத்தான் சொன்ன பதிலை மொழிபெயர்க்க வந்த பெடியனுக்கு ஜேர்மன் மொழியில் சொல்லத் தெரியவில்லை, விட்டுவிட்டான். அத்தானுக்கு இப்போது பாண் சுடும் வெதுப்பகம் ஒன்றில் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை இத்ரிசா வந்தார். மணி அடித்தபோது நான்தான் திறந்தேன். உள்ளே வரச்சொன்னேன், வாசலிலேயே நின்றார். அத்தான் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குதிரையை எடுத்ததைப் பற்றி அந்த மனிதர் ஒரு சொல் கேட்கவில்லை.

"மாடிப்படிக்குக் கீழே நான் தொழும்போது மேற்பார்வைக்காரன் வருகிறானா என்று தினமும் பார்த்துக்கொண்டு நின்றது நீ. அன்றைக்கும் நீதான் நின்றாய். கணேசைக் கேளுங்கள், அவனுக்குத் தெரியும் என்று நானேதான் அவர்களுக்குச் சொன்னேன். நீ கவனிக்கவில்லை என்றாய். அதற்குப் பிறகும் என் வீட்டுக்கு வந்து, என்னோடு இருந்து சாப்பிட்டாய்."

இவ்வளவும் சத்தம் போடாமல் சொன்னார். பிறகு போய்விட்டார். கோப்பிக்கு மூட்டிய அடுப்பை நான் நிறுத்தினேன். தர்மினி, எனக்கு அது தெரியாது. காவல் நின்றதும் தெரியாது, அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டதும் தெரியாது. குதிரையைப் பையிலிருந்து எடுத்தபோது கூட நான் இப்படிப் பயப்படவில்லை.

அத்தான் போய்க் கதவைப் பூட்டினார். பிறகு என்னைக் கேட்டார்.

"நான் அந்தத் திங்கட்கிழமை உண்மையாப் போயிருப்பனோ, யோகம்?"

போயிருப்பீர்கள் என்றேன். வேறு என்ன சொல்ல? வெள்ளைச் சேட்டு அழுத்தி வைத்திருந்தேனே என்றேன்.

நீ இரண்டு நாளைப் பறித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். ஐந்து மாதமாக நானும் உன்னை அப்படித்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் இதை உனக்கு எழுதவேண்டும். அந்தச் சேட்டை நான் அதற்கு முந்தின கிழமையும் அழுத்தினேன். பன்னிரண்டாம் திகதி, அந்த முந்தின திங்கட்கிழமையும் போகிறேன் என்றுதான் சொன்னார். சேட்டைப் போட்டுக்கொண்டு பின்னேரம் வரைக்கும் கதிரையில் இருந்தார். அதை நான் உனக்கு எழுதவில்லை.

யோகம்